மஞ்சள் மாதிரி பூசிய ஆசிட்

விழுப்புரத்தில் பஸ் ஏறிய அக்காவும் தங்கையும் எனக்கு முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். அக்கா முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள்.

"மூஞ்சி பளபளக்கத் தோலுரிக்கிற ஆசிட்டுக்கா அது. அஞ்சு நிமிஷத்துல கழுவச் சொன்னேனே!"

"மஞ்சள் மாதிரி காயட்டும்னு பூசிக்கினே கடலைக் கொல்லையில மல்லாட்டை புடுங்கப் போய்ட்டேன்."

"அந்த வெயில்லயா? அறிவிருக்கா?"

"நீ பேசாதடி. என் பொண்ணு நிச்சயத்துல, சம்பந்தியம்மா என்னப் பார்த்து 'பொண்ணோட அம்மாவப் பெத்த ஆயாவா'ன்னு கேட்டப்ப சிரிச்சிக்கினு நின்னவதானே நீ? நாளைக்குக் கல்யாணம். இந்த மூஞ்சோட எப்படி நிப்பேன்?"

கண்டக்டர் வந்தார்.

"ஆயா, எங்க போவணும்?"

அக்கா முந்தானையை இழுத்து விலக்கினாள். இரண்டு கன்னமும் வெந்து கருத்திருந்தன.

"திண்டிவனம் ரெண்டு குடு. ஆயா இல்ல, நான் பொண்ணுக்கு அம்மா."