இருக்கிற ஒன்று வளர்ந்துவிட்டது

"...வளந்துபோச்சுங்கண்ணா, ஸ்கேன்ல டாக்டரே காட்டுனாருங்க. ஒண்ணை எடுத்ததும் இருக்கிற ஒண்ணு கொஞ்சம் பெருசாகி, ரெண்டும் செஞ்ச வேலையை அதே எடுத்துக்கிச்சாமுங்க."

காரமடையிலிருந்து கோவைக்கு வரும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் ஓர் அண்ணனும் தங்கையும். தன் கிட்னி ஒன்றை அண்ணனுக்குக் கொடுத்தவர் அந்தத் தங்கை என்பது பேச்சிலேயே தெரிந்துவிட்டது. அன்றுதான் மறுபடி மில் வேலைக்குப் போகிறார். அவருடைய சாப்பாட்டுப் பையை அண்ணன் மடியில் வைத்து இறுகப் பிடித்திருந்தார்.

"பெருசானா ஆச்சா அம்மணி? நீ ஊட்ல இரு. உன்னய உக்கார வெச்சு நான் சோறு போடறேன்."

"டாக்டர் வேலைக்குப் போலாம்னு சொல்லிப்போட்டாருங்க. நீங்கதான் இன்னும் சொல்லலீங்க."

"எனக்குக் குடுத்துத்தானே நீ ஒத்தையோட நிக்கற?"

"ஏனுங்கண்ணா, உங்களுக்கும் அந்த ஒண்ணுதான வேலை செய்யுது? நீங்க போன வாரமே தோட்டத்துக்குப் போயிட்டீங்க."

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பையை மட்டும் விடவில்லை.

"உள்ள இருக்கறது யாரைக் கேட்டுக்கிட்டுங்க அத்தனை வேலையும் எடுத்துக்கிச்சு? நானும் கேக்கப் போறதில்லீங்க. படுத்துக் கெடந்தது போதும்."

மில் ஸ்டாப் வந்தது. தங்கை எழுந்து, அண்ணனின் விரல்களை மெதுவாக விலக்கிப் பையை எடுத்துக்கொண்டார். அதிலிருந்த தண்ணீர் பாட்டிலை அண்ணன் கையில் வைத்தார்.

"என்னுது ஒண்ணு உங்ககிட்ட இருக்குதுங்க. தண்ணி குடிக்காம அதைக் காயப் போட்டுறாதீங்க."

இறங்கியவர் திரும்பிப் பார்க்காமல் மில் கேட்டுக்குள் நடந்தார்.