பந்து இல்லாத படங்கள்

— பந்து எங்க?

— எந்தப் பந்து?

— ஃபுட்பால் படத்துல எந்தப் பந்தைத் தேடுவாங்க, மர்டோ? இந்தா, நீயே பாரு. ஒரு ஓரத்துல நம்ம ஆக்கன்ரே ரோவர்ஸ் சட்டை தெரியுது. எதிர் டீம் கிர்க்டன்காரன் ஒருத்தனோட முழங்கால் தெரியுது. மிச்சம் பூரா ஜனம். பந்தைக் காணோம்.

— கண்ணாடியைத் தொடச்சுட்டுப் பாரு லாக்கி. நீ தின்ன மட்டன் பஃப்ஸோட கொழுப்பெல்லாம் அதுலதான் இருக்கு.

— தொடச்சாச்சு. இதுலயும் இல்ல. இந்தப் படத்துலயும் இல்ல. ஏம்மா லோர்னா, பெட்டி பூரா இப்படித்தானா?

— பெரும்பாலும் இப்படித்தாங்க. எனக்கு இந்த ஆட்டம் அவ்வளவாத் தெரியாது. கனடாவுல நாங்க ஐஸ் ஹாக்கி பாக்கறவங்க. அதான் தெரிஞ்சவங்ககிட்டக் கேக்கலாம்னு வந்தேன்.

— கேட்டியா மாப்ள? கிளப்போட நூறாவது வருஷம், செவுத்துல மாட்டப் பழைய படம் குடுங்கன்னு ஊர் பூரா நோட்டீஸ் ஒட்டினோம். பக்கத்துத் தெருக்காரன் எவனும் அசையல. இந்தப் புள்ள கடல் தாண்டிக் கொண்டாந்திருக்கு. உக்காரு அம்மாடி. ஆட்டம் மூணு மணிக்குத்தான். இந்த மழையில அதுவும் நடந்தாத்தான் நிச்சயம்.

— பின்பக்கம் ஒரு முத்திரை இருக்குங்க. அதுவும் என்னன்னு புரியல.

— குடு. ‘கெர் மருந்துக்கடை.’ மர்டோ! இது நம்ம மருந்துக்கடை சாண்டி எடுத்ததுடா!

— பந்தைத் தொலைச்ச சாண்டியா! அப்ப ஏன் பந்து இல்லன்னு கேக்கவே வேண்டாம் மாப்ள. அம்மாடி, அந்தாளு நம்ம ஊர்ப் பத்திரிகைக்கு ஆட்டத்தைப் படம் புடிச்சுக் குடுப்பாரு. நாம கோல் அடிச்சா கூட்டம் கத்தறதை எடுப்பாரு. எதிராளி அடிச்சா கூட்டம் தலையில கைவெச்சு நிக்கறதை எடுப்பாரு. கோலை மட்டும் எடுக்க மாட்டாரு. கடைசியில பத்திரிகைக்காரனே போதும் சாமின்னு கும்பிடு போட்டுட்டான்.

— அப்புறமும் விடலையே. பத்திரிகை இல்லாமலே சனிக்கிழமை தவறாம வந்து நின்னாரு. மனுஷன் வாயைத் தொறந்து ரெண்டு வார்த்தை சேந்தாப்புல பேசி நான் கேட்டதில்ல. கடைக்குப் போனா மருந்தை நீட்டுவாரு, “அடுத்தது”ம்பாரு. அவ்வளவுதான்.

— ஏ லாக்கி, இங்க பாரு, இங்க பாரு! இந்தக் குல்லா வெச்ச வாண்டு நீதானே?

— எங்க?

— செவுத்து மேல ஏறி உக்காந்திருக்கான் பாரு, மூக்கு ஒழுகிக்கிட்டு. இந்தக் காதை எங்க பாத்தாலும் சொல்லிடுவேன். காத்தடிச்சா பறந்து போயிடுவேன்னு உன்னை எல்லாரும் கிண்டல் பண்ணுவோமே.

— நான்தான். பெக் அத்தை பின்னின குல்லா. கழுத்தெல்லாம் அரிக்கும்.

— இந்தப் படத்துலயும் இருக்க. பல்லு விழுந்திருக்கு. இதுலயும் இருக்க, பக்கத்துல நான்கூட இருக்கேன், ஆனா என் பாதி மூஞ்சியை வெட்டிட்டாரு பாவி. இதுல உனக்கு மீசை அரும்புது. அட, எல்லாத்துலயும் நீதான்டா நட்டநடுவுல!

— நாம எப்பவும் ஒரே எடத்துல நிப்போம். அவரும் ஒரே எடத்துல நின்னு எடுத்திருப்பாரு.

— இல்லப்பா. இங்க நீ கொடிக்கம்பத்துக்கிட்ட நிக்கற. இங்க டீக்கடை வாசல். இது கிர்க்டன் மைதானம், நாம பஸ் புடிச்சுப் போனது. அங்கயும் உன்னைத் தேடிப் புடிச்சிருக்காரு. நீ பெரிய சினிமா நட்சத்திரம்னு எங்கிட்ட ஒருநாளும் சொல்லலையே!

— இருங்க. நீங்க ரெண்டு பேரும் இந்தப் படக் கட்டையும் பாக்கணும். இதுல மட்டும் பந்து இருக்கு.

— காட்டு அம்மாடி. அய்யோ... அய்யய்யோ. மாப்ள, இதைப் பாரு. கோல்கீப்பர் படுத்தவாக்குல பறக்கறான். பந்து விரல்நுனியில நிக்குது. மேல இருக்கற தையல்கூடத் தெரியுது! இது அந்தக் கிழவன் எடுத்ததா?

— முத்திரை அவரோடதுதான். மர்டோ, இது எந்த வருஷம்?

— பனியில வெள்ளைப் பந்து தெரியாம செவப்புப் பந்து போட்டு ஆடினோமே, அந்தக் குளிர்காலம். எனக்கு நல்லா ஞாபகம். ஏன்னா நீ வரல. நான் தனியா போயி, தனியா கத்தி, தனியா தோத்துட்டு வந்தேன்.

— ஆமா. நான் கல்குவாரியில விழுந்து காலை ஒடச்சுக்கிட்டுக் கெடந்தேன். வசந்தம் வர்ற வரைக்கும் ஆஸ்பத்திரிதான்.

— அப்ப நீ இல்லாத ஆட்டமெல்லாம் அவரு ஒழுங்கா எடுத்திருக்காரு. எடுக்கத் தெரியாம இல்ல. உன்னைப் பாத்தா அவருக்குப் பந்து கண்ணுல படல.

— என்ன சொல்ல வர்ற?

— ஒண்ணுமில்ல.

— மர்டோ. நீ ஒண்ணுமில்லன்னு சொன்னா ஏதோ இருக்குன்னு அர்த்தம்.

— கோவப்படாத மாப்ள. சாண்டிக்குப் பொண்டாட்டி இல்ல, புள்ளகுட்டி இல்ல. உங்கம்மாவும் அவரும் ஒரே பள்ளிக்கூடம். எங்க வீட்டுல பெரியவங்க ஏதோ அரசல்புரசலா...

— வாயை மூடு. எங்கப்பா சுரங்கம் இடிஞ்சு செத்தவரு. அவரு காதுதான் எனக்கு. அவரு பேரைக் கெடுக்கற மாதிரி இன்னொரு வார்த்தை பேசின, இத்தனை வருஷம் ஒண்ணா நின்னதை மறந்துட்டு எழுந்து போயிடுவேன்.

— நீங்க சொல்றது சரிதாங்க. உங்கப்பா உங்கப்பாதான். மருந்துக்கடைக்காரர் உங்களுக்கு உறவே இல்ல.

— நீ எப்படிம்மா அவ்வளவு உறுதியாச் சொல்ற?

— இந்தப் பெட்டி எங்க வீட்டுக் கட்டிலுக்கு அடியில இருந்தது. எங்கம்மாவோடது.

— உங்கம்மா நம்ம ரோவர்ஸ் ரசிகையா அம்மாடி? சொல்லவே இல்லையே!

— அம்மாவுக்கு ஆட்டமே புடிக்காது. அவங்க பேரு நெட்டா. எங்கப்பாவைக் கட்டிக்கறதுக்கு முன்னால நெட்டா லம்ஸ்டன்.

— ...மர்டோ, அந்தத் தண்ணியை எடு.

— இந்தா. குடி. மெதுவா. அம்மாடி, நீ சொல்ற பேரு... அது இவனோட அம்மா பேரு.

— தெரியுங்க.

— எங்கம்மா நான் நாலு வயசுல இருக்கறப்போ என்னை விட்டுட்டுக் கப்பலேறிப் போனவ. அப்புறம் ஒரு தகவலும் இல்ல. எங்க பெக் அத்தைதான் என்னை வளத்தா.

— உங்கப்பா போனதும் சுரங்கக் கம்பெனி வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுச்சு. டொரன்டோவுல ஒரு ஆஸ்பத்திரியில சமையல் வேலை இருந்தது. ஒரு வருஷம் உங்களைப் பெக் அத்தைகிட்ட விட்டுட்டு, எடம் பாத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறதாப் பேச்சு. வந்தாங்க. கதவு தொறக்கல.

— அத்தை அப்படிச் செய்யற ஆள் இல்ல. அவளைப் பத்தித் தப்பாப் பேசாதம்மா. தான் தின்னாம எனக்குப் போட்டவ.

— நான் தப்பாச் சொல்லலைங்க. அம்மாவும் ஒருநாளும் சொன்னதில்ல. “அவளுக்கு இருந்த ஒரே தம்பி செத்துப்போனான், மிச்சம் இருந்தது அந்தப் புள்ள ஒண்ணுதான், எப்படிக் குடுப்பா”ம்பாங்க. ஜன்னல் வழியா உங்களைப் பாத்திருக்காங்க. நீங்க அத்தையோட பாவாடையைப் புடிச்சுக்கிட்டு “அது யாரு?”ன்னு கேட்டீங்களாம். அதுக்கு மேல கதவைத் தட்டக் கை வரலன்னாங்க.

— எனக்கு... எனக்கு ஞாபகமே இல்லையே.

— நேரா மருந்துக்கடைக்குப் போயி தலைவலி மாத்திரை கேட்டிருக்காங்க. கேட்டுட்டு அங்கயே அழுதிருக்காங்க. அவரு மாத்திரையைக் குடுத்துட்டு, “சனிக்கிழமை ஆட்டத்துக்கு வருவான்”னு மட்டும் சொன்னாராம். அடுத்த மாசம் டொரன்டோவுக்கு முதல் படம் வந்துச்சு. கூட ஒரு வரிகூட இல்ல. படம் மட்டும்தான். அதுக்கப்புறம் வந்துக்கிட்டே இருந்துச்சு.

— பந்தைத் தொலைச்ச சாண்டின்னு நாங்கல்லாம் கூவுவோமே! மூஞ்சிக்கு நேராக் கூவுவோம்டா லாக்கி. மனுஷன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லலையே.

— அந்தப் பந்து இருக்கற படங்கள் வந்த மாசமெல்லாம் அம்மாவுக்குத் தூக்கமே இல்ல. மொதத் தடவை உறையைப் பிரிச்சாங்க, கோல் இருக்கு, நீங்க இல்ல. ரெண்டாவது தடவையும் கோல். பக்கத்து வீட்டுல போய்க் கடைக்கு போன் போட்டாங்க. “காலுதான். உயிரோட இருக்கான்”னு சொல்லிட்டு வெச்சுட்டாராம்.

— அது அவரேதான். அச்சு அசல் அவரேதான்.

— லோர்னா. எனக்கு வயசு வந்தப்புறமாவது எழுதியிருக்கலாமே. நான் என்ன பச்சப்புள்ளையா?

— எழுதினாங்க. பிரிக்காமலே திரும்பி வந்துச்சு. நீங்கதான் திருப்பி அனுப்பறீங்கன்னு நெனச்சாங்க. அதுவும் நியாயந்தான்னு விட்டுட்டாங்க.

— நான் ஒண்ணைக்கூடக் கண்ணால பாக்கல. சத்தியமாப் பாக்கல.

— தெரியுங்க. இப்ப உங்க முகத்தைப் பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. அது தெரியாம எப்படிச் சொல்றதுன்னுதான் மொதல்ல படத்தை மட்டும் நீட்டினேன். மன்னிச்சுக்கங்க.

— இந்தப் படத்துல என் மூஞ்சி மட்டும் ஏன் இப்படி வெளுத்துக் கெடக்கு?

— அது பல்லு விழுந்த படம். அம்மா அதைக் கையில வெச்சுக்கிட்டுக் கட்டைவிரலால தடவிக்கிட்டே இருப்பாங்க. சின்ன வயசுல நான் பொறாமைப்பட்டிருக்கேன். “இந்தப் பையன் யாரு?”ன்னு கேட்டா “நல்லா கத்துவான்”னு சொல்லிட்டு வேற பேச்சுக்குப் போயிடுவாங்க.

— கத்துவானா? காது கிழியும். மைதானத்துல இன்னிக்கும் இவன் கத்தினா நடுவரு திரும்பிப் பாப்பாரு.

— மர்டோ, கொஞ்சம் சும்மா இரு.

— நான் அழாம இருக்கறதுக்காகப் பேசறேன் மாப்ள. நீ கண்டுக்காத.

— இத்தனை வருஷமா மனசுக்குள்ள அவங்களைத் திட்டியிருக்கேன். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் திட்டியிருக்கேன். என் பொண்ணு பொறந்தன்னிக்கு அவளைக் கையில வாங்கிக்கிட்டு, எப்படி விட்டுட்டுப் போக மனசு வந்துச்சுன்னு திட்டினேன். என்கிட்டக் கேட்டிருந்தா... சரி விடு. கேக்கறதுக்கும் சொல்றதுக்கும் இனிமே ஆள் எங்க இருக்கு.

— வருத்தமா இருக்கு அம்மாடி. ரொம்ப வருத்தமா இருக்கு. அவங்க கடைசியில கஷ்டப்படாமப் போனாங்களா?

— எங்க போனாங்க? கார்லதான் இருக்காங்க லாக்கி அண்ணா, வாசல்ல. “அவன் வரச் சொன்னா மட்டும் வந்து கூப்பிடு”ன்னாங்க.