சிரிப்பு வந்த இடங்கள்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நாற்காலி போதாவிட்டால் அந்தப் பியானோ முக்காலியை இழுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருடமாகத் துணி மடித்து வைப்பதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. இன்று சொல்லப்போவது என் சொந்தக் கதை. குரலைத் தாழ்த்தித்தான் சொல்வேன். உள்ளறையில் என் தம்பி படுத்திருக்கிறான். இமை கண்ணைக் காப்பதுபோல் தம்பியைக் காக்கிறவள் என்று இந்தத் தெருவே என்னைச் சொல்லும். அது பொய்யில்லை.

நாங்கள் ஒரு ஹோட்டலில் வாசித்தோம். தினமும் மாலை நான்கு மணிக்கு, தேநீர் குடிக்க வருகிறவர்களுக்காக. நான் பியானோ, தம்பி டிரம்ஸ். சாக்ஸபோன்காரருக்குப் பெருமூச்சு என்று பெயர் வைத்திருந்தோம்; ஊதுவதற்கு முன்பு ஒன்று விடுவார், ஊதிய பின்பு ஒன்று விடுவார். வாசித்தது ஜாஸ்.

அந்த இசையில் பாட்டின் நடுவே ஆளுக்கு ஓர் இடம் விடுவார்கள். அங்கே எழுதி வைத்தது எதுவும் இருக்காது. அந்த நிமிடம் மனதில் என்ன வருகிறதோ அதை வாசிக்க வேண்டும். என் மனதில் எதுவும் வந்ததில்லை. பத்து வருடத்தில் ஒரு நாள்கூட. அதனால் காலையிலேயே வீட்டில் எழுதி, மனப்பாடம் செய்து, மாலையில் அப்போதுதான் தோன்றியதுபோல் தலையைச் சாய்த்து வாசிப்பேன். என்றைக்குக் குட்டு உடையுமோ என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

தம்பிக்கு அந்த நெருப்பே கிடையாது. வாசிப்பது அவனுக்கே பிடித்துப்போனால் சிரித்துவிடுவான். மூக்கிலிருந்து வரும் சின்னச் சிரிப்பு.

ஒருநாள் ஒத்திகையில், "அக்கா, நேத்து வாசிச்சதையே இன்னிக்கும் அச்சு அசலா வாசிச்சியே. தலையச் சாய்ச்சதுகூட அதே இடத்துலதான்," என்றான்.

"அக்கா தலைக்கும் சேத்து எழுதி வச்சிருக்காங்கப்பா," என்றார் பெருமூச்சு.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். தம்பி மனதில் கள்ளம் இல்லை. வீட்டுக்கு நடக்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "எண்ணாதக்கா, கேளு. கேட்டா தானா வரும்," என்றான். அன்று வெகுநேரம் உட்கார்ந்து கேட்டுப் பார்த்தேன். வரவில்லை.

நாங்கள் வாசிப்பதை நான்தான் டேப்பில் பதிவு செய்வேன். சுருள் டேப். அறுந்தால் ஒட்டுவதற்குப் பிளேடும் ஒட்டுநாடாவும் வைத்திருந்தேன். ஒரு மத்தியானம், அவன் சிரித்த ஓர் இடத்தில், டேப்பை நகத்தின் அளவு வெட்டியெடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்து ஒட்டினேன். போட்டுக் கேட்டால் அடுத்த அடி மயிரிழை முந்திக்கொண்டு விழுந்தது. எல்லோருமே அங்கே இடறினார்கள்தான். ஆனால் வண்டி குலுங்கினால் ஓட்டுகிறவரைத்தானே திரும்பிப் பார்ப்போம்; எங்கள் வண்டியை ஓட்டியது டிரம்ஸ்.

அவனைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். "பரவால்லடா, யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க."

"நான் தாளத்த முந்தி ஓடுறேனாக்கா?"

"கொஞ்சம். சிரிக்கிற இடத்துலதான்."

காது ஏமாற்றும், டேப் ஏமாற்றாது என்பது எங்கள் தொழிலில் எல்லோரும் நம்புகிற ஒன்று. அவனும் நம்பினான். வாரத்துக்கு ஒன்று வெட்டினேன். முதலில் சிரிப்பு நின்றது. பிறகு உதடு அசைய எண்ணிக்கொண்டே வாசித்தான். "என்னம்மா, உன் தம்பி வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி வாசிக்கிறான்?" என்று பெருமூச்சு கேட்டபோது, பொறுப்பு வந்திருக்கிறது என்றேன். ஆறாவது மாதம் பயத்திலேயே உண்மையாகத் தாளம் தப்ப ஆரம்பித்தான். அதற்குப் பிறகு பிளேடு தேவைப்படவில்லை.

தன்னால் எல்லோருக்கும் கெட்ட பெயர் என்று சொல்லி அவனாகவே விலகினான். அதே ஹோட்டலின் கீழ்த்தளத்தில் சலவைப் பகுதியில் வேலைக்குச் சேர்ந்தான். விரிப்புகளை அழுத்தித் தேய்க்கும் பெரிய சூட்டு உருளைகள் அங்கே உண்டு. மேலே நாங்கள் வாசிப்பது கீழே கேட்கும். ஒருநாள் நாலரை மணிக்கு, நாங்கள் வாசித்துக்கொண்டிருக்கும்போது, அவன் வலது கை அந்த உருளைகளுக்கு நடுவே போனது.

மேலாளரிடம் வழுக்கிவிட்டது என்றான். மருத்துவமனையில் என்னிடம் மட்டும், "வழுக்கலக்கா. இப்ப நிம்மதியா இருக்கு. இனிமே எனக்கு யாரும் டேப் போட்டுக் காட்ட வேண்டாம்," என்றான்.

அன்றிலிருந்து அவனுக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிடுவது நான்தான். ஒருநாள் தவறியதில்லை. அவன் மேடையை விட்டுப் போன பிறகு, பாட்டின் நடுவே விடும் அந்த இடத்தில் எனக்கும் ஏதாவது வரும் என்று நினைத்தேன். இரண்டு வருடம் காத்திருந்துவிட்டுப் பியானோவை மூடினேன்.

வெட்டிய துண்டுகளை நான் எறியவில்லை. ஒரு மாத்திரை டப்பாவில் பத்திரமாக இருந்தன. ஒருமுறை அவற்றை வரிசையாக ஒட்டி ஓடவிட்டேன். எல்லாம் சேர்ந்து இரண்டு விநாடி இருக்கும். சரியாக ஒரே ஒரு சிரிப்பின் நீளம்.

இனி நாள் கணக்குதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்று காலை பொத்தான் போடும்போது தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, ஒரே ஒரு தடவையாவது நான் சரியா வாசிச்சிருக்கேனா? ஆறுதலுக்குச் சொல்லாத. உள்ளதச் சொல்லு. நீ சொன்னா நம்புவேன்."

டப்பா கைக்கெட்டும் தூரத்து அலமாரியில்தான் இருந்தது. கடைசிப் பொத்தானையும் போட்டு, காலரை நேராக இழுத்துவிட்டேன்.

"கிட்டத்தட்டடா," என்றேன்.

தலையாட்டிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். இவ்வளவு காலமாக நம்பிய ஒன்றை, போகிற நேரத்தில் எதற்குக் கலைப்பது?

சரி கண்ணுகளா, வெளிச்சம் இருக்கும்போதே கிளம்புங்கள். உங்கள் வீடுகளில் பாட்டும் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும். யாராவது எங்காவது தாளம் தப்பினால், பக்கத்திலேயே இருந்து எடுத்துச் சொல்ல, என்னைப்போல் ஓர் அக்கா வீட்டுக்கு வீடு வாய்க்கட்டும்.