மாறி வரட்டும் என்று அனுப்பியவர்

குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் ராமசாமி ஐயா அவர்களே! மேடையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே! ஷிஃப்ட் முடிந்து சோறுகூடத் தின்னாமல் ஓடி வந்திருக்கும் மைன்ஸ் தோழர்களே! தாய்மார்களே! எல்லாருக்கும் இந்தக் கண்ணையனின் கனத்த வணக்கம்.

கன்வேயர் பெல்ட் ஃபோர்மேன், 'கல்விக் காவலர்' இசக்கிமுத்து அண்ணாச்சி போன வியாழக்கிழமை நம்மை விட்டுப் போய்விட்டார். அந்தப் பட்டம் நான் கொடுத்தது. எவனாவது மறுத்துப் பார்க்கட்டும்! நான் எட்டாவதுதான், ஆனாலும் கலெக்டருக்கே இங்கிலீஷில் பதில் சொன்னவன். அந்த வாயால் சொல்கிறேன்: இந்த டவுன்ஷிப்பிலிருந்து நானூறு பிள்ளைகளைக் கல்லூரி பார்க்கக் கூட்டிப் போனவர் அண்ணாச்சி. நானூறா? நாலாயிரம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்!

நாமெல்லாம் கல்லூரிக்குப் போனால் என்ன கேட்போம்? 'இங்க படிச்சா பெர்மனன்ட் வேலை கிடைக்குமா?' அவ்வளவுதானே! அண்ணாச்சி ஆபீசுக்குள் போகவே மாட்டார். வாசல் பெருக்குகிற அம்மாவிடம் போவார். "ஏம்மா, இங்க படிக்கிற பிள்ளைங்க உங்கள என்னன்னு கூப்பிடுதாங்க?" என்பார்.

பல இடத்தில் 'ஏய்'தான் பதில். ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் மட்டும் அந்த அம்மா துடைப்பத்தைச் சாத்தி வைத்துவிட்டுச் சொன்னார்: "ராஜாம்பாள் அக்கான்னுதான் கூப்பிடுதாங்க. பிரின்சிபால் ஃபாதருக்கும் நான் அக்காதான்."

"எல கண்ணையா, இதுதான்ல காலேஜு!" என்று அண்ணாச்சி குதித்த குதியில் கட்டடமே ஆடியது. பக்கத்தில் நின்றவன் நான்!

அப்பேர்ப்பட்ட மனிதரை இந்த ஊர் என்ன சொன்னது? அந்தக் கல்லூரிக்குப் பிள்ளைகளை அனுப்பியதற்காக 'மதம் மாத்துற புரோக்கர்' என்றது! வயிறு எரிகிறது ஐயா! இன்று கண்ணைத் துடைக்கிறவர்களில் எத்தனை பேர் அன்று அதைச் சொன்னீர்கள்? நானும் சொன்னேன். என் மகள் அகிலா அந்தக் கல்லூரிதான் வேண்டுமென்று அழுதாள். நான் ஏழு மாடிக் கட்டடத்தைப் பார்த்து மயங்கி வேறொன்றில் தள்ளினேன். அங்கே எழுந்து கேள்வி கேட்டால் வெளியே நிறுத்துவார்களாம். மூன்று வருஷத்தில் என் பிள்ளை வாயே திறக்காதவளாக வந்து நின்றாள். அந்தப் பாவம் என்னுடையது!

இப்போது மெயின் பஜார் அப்துல் கபார் பாயின் மகள் ருக்சானா அந்தக் கிறிஸ்தவக் கல்லூரியில்தான் சேருவேன் என்கிறாள். நாளைக்குக் கடைசி நாள். கூட்டிப் போவதாகச் சொன்ன அண்ணாச்சி இல்லை. பாய் தயங்குகிறார். இந்த நேரத்தில் பின்வரிசையில் என்ன நடக்கிறது? சிங்காரவேல், பாயின் காதில் ஓதிக்கிட்டு இருக்கிறான்! சத்தமாகச் சொல்லுய்யா! என்ன? 'அங்க போனா பொண்ணு மாறிடும்'னா?

இதையே போன மாசம் டீக்கடையில் சொன்னாயே, அண்ணாச்சி என்ன கேட்டார்? "மாறத்தானல அனுப்புதோம்! மாறாம வரணும்னா வீட்லயே பூட்டி வைக்கலாமே? அவ தொழுகைய அவ பாத்துக்குவா. நாலு பேர்ட்ட பயப்படாம பேசுத பிள்ளையா வருவா!" நீ டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாயே!

என்ன பாய், எழுந்துட்டீங்க? மைக்கை அவரிடம் கொடுங்கப்பா.

கேட்டீர்களா சபையோரே? 'கண்ணையன் கூட வந்தா போறோம்' என்கிறார்!

வர்றேன் பாய்! நாளைக்கு மட்டுமல்ல, இந்தக் காலில் தெம்பு இருக்கிற வரைக்கும், கேட்கிற பிள்ளையை எல்லாம் நான் கூட்டிப் போவேன். அண்ணாச்சி படத்தின் முன்னால் சத்தியம்! சிங்காரவேலு, நீயும் வா. உனக்கு ஜன்னலோர சீட்டுப் பிடித்து வைக்கிறேன். பார்த்துவிட்டு வந்து திட்டு.

ருக்சானா, சர்டிபிகேட்டையெல்லாம் எடுத்து வையம்மா. காலையில் ஆறு மணி பஸ்!