எதிர் நாற்காலி

மேடையில் வீற்றிருக்கும் சுரங்க மேலாளர் அவர்களே, மலையடிவாரத்துக் கீழ் மருத்துவமனைச் சகோதரிகளே, மலையிலிருந்து இறங்கி வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, அக்காவை இழந்து தலைகுனிந்து அமர்ந்திருக்கும் தம்பி அவர்களே! வணக்கம் சொல்ல வாய் வருகிறதா இன்று?

உச்சி முகாமின் மருத்துவர், நீங்கள் வாய் நிறைய 'உதட்டு டாக்டர்' என்று கூப்பிட்ட நம் டாக்டரம்மா மறைந்துவிட்டார். அந்தப் பெயர் எப்படி வந்தது?

மேலே காற்றில் பிராணவாயு குறைவு. உடம்பு சும்மா இருக்குமா? ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும். ஒரு வண்டிக்குக் கிடைக்கும் சரக்கு குறைந்தால் வண்டிகளைக் கூட்டுகிறோமே, அப்படி. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு! வண்டிகள் பெருகித் தெரு அடைத்துக்கொள்ளும். ரத்தம் கெட்டியாகும், உதடு கறுக்கும், தலை கனக்கும், கடைசியில் ரத்தம் உறையும். உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

ஆனால் தன் உதடு தனக்குத் தெரியாதே! ஆகவே டாக்டரம்மா ஒரு சட்டம் போட்டார். காலைத் தேநீருக்கு ஜோடி ஜோடியாக எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் உதட்டை மற்றவர் பார்த்த பிறகுதான் சுரங்கத்துக்குள் கால் வைக்கலாம்.

"கட்டின பொண்டாட்டியைக்கூட இப்படிப் பார்த்ததில்ல டாக்டரம்மா!" என்று அலுத்துக்கொண்டார் பாறையில் துளையிடும் அண்ணன்.

"அதான் அவங்க கோவிச்சுக்கிறாங்க. எதிர்ல இருக்கிற இவரையாவது ஒழுங்கா பாருங்க!"

பிறகு ஒரு நாள் எதிரே உட்கார்ந்த அந்த ஜோடிக்காரர்தான் அண்ணனின் கறுத்த உதட்டைக் கண்டு, அவரைக் கீழே அனுப்பி உயிர் காத்தார். இதோ, அந்த அண்ணன் இரண்டாம் வரிசையில் அழுதுகொண்டிருக்கிறார்.

முகாமில் எல்லோருக்கும் ஜோடி இருந்தது. டாக்டரம்மாவுக்கு யார் இருந்தார்கள்?

யாரும் இல்லை! டாக்டரம்மாவின் உதட்டை உற்றுப் பார்க்கத் தொழிலாளர்கள் கூசினார்கள். இரண்டாவது மருத்துவராக வந்தவர்கள் எல்லாம் வந்த வேகத்தில் இறங்கிவிட்டார்கள். கீழ் மருத்துவமனையின் மூத்த மருத்துவனான நான் தினமும் தொலைபேசியில் கேட்பேன்.

"உங்க உதடு எப்படிம்மா இருக்கு?"

"போன்ல எப்படிண்ணே காட்டுறது? கண்ணாடி நல்லாருக்குன்னுதான் சொல்லுது. அது என் மனசுக்கேத்த மாதிரி பேசுற ஆளு."

சிரிப்பார். பிறகு போனை வைக்க மனமில்லாமல், "வேற ஏதாவது பேசுங்கண்ணே" என்பார். இறங்கி வரச் சொல்லிக் கெஞ்சினேன். "நான் இறங்கிட்டா இவங்களுக்கு யாருண்ணே?" என்றார்.

அன்று காலை முகாமே ஜோடி ஜோடியாக அமர்ந்து தேநீர் குடித்தது. அடுத்த அறையில் அவர் தன் கோப்பையோடு தனியாகச் சரிந்து கிடந்தார். மூளையில் ரத்தம் உறைந்திருந்தது. ஐயோ, ஊரார் உதட்டையெல்லாம் பார்த்த அந்தத் தாயின் உதட்டைப் பார்க்க ஓர் ஆள் இல்லையே!

அவர் பணியைத் தொடர்வோம் என்று வெறும் வாயால் சொல்ல நான் வரவில்லை. நாளைக் காலை வண்டியில் உச்சிக்குப் போகிறேன். ஆனால் தனியாகப் போனால் அவர் போட்ட சட்டத்தை மீறியவன் ஆவேன். அவர் அறையில் இரண்டு நாற்காலிகள் இருக்கின்றன. ஒன்று எனக்கு. எதிர் நாற்காலிக்கு ஒரு மருத்துவரோ செவிலியரோ வேண்டும். யார் வருகிறீர்கள்?

ஒரு கை உயரும்வரை நான் இந்த மேடையை விட்டு இறங்கப் போவதில்லை.