ஜெயவேலு அவென்யூவில் கவிழ்ந்த நான்கு சக்கர வண்டி

மனுதாரர் தரப்பு இரண்டாம் சாட்சி. பெயர்: சரோஜினி. தந்தை பெயர்: சுப்பராயலு. வயது: 24. படிப்பு: பி.ஏ. பொருளாதாரம். முகவரி: கோயில் தெரு, பழைய பெருங்களத்தூர். செங்கல்பட்டு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் முன், 1997 ஆகஸ்டு மாதத்தில், உறுதிமொழி எடுத்துக்கொண்டு சொல்வது.

முதல் விசாரணை:

மனுதாரர் பியூலாவை எனக்குத் தெரியும். எதிர்மனுதாரர் ஜெயவேலு என் தந்தையின் உடன்பிறந்த தம்பி. எங்கள் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவள் நான். வெளியில் எங்கும் வேலைக்கு அனுப்ப வேண்டாம், தன்னிடமே வரட்டும் என்று அவர் சொன்னதன்பேரில், தாம்பரத்தில் உள்ள அவருடைய மனை விற்பனை அலுவலகத்தில் சேர்ந்தேன். அவரை வீட்டில் சித்தப்பா என்றும் அலுவலகத்தில் சார் என்றும் கூப்பிடுவேன். சிட்லபாக்கத்தைச் சேர்ந்த பியூலா எனக்கு முன்பிருந்தே அங்கு டைப்பிஸ்டாக இருந்தார். டெலிபோனில் பேச நான் கூச்சப்பட்டபோது பக்கத்தில் நின்று பழக்கிவிட்டவர் அவர்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனை வாங்க விரும்புகிறவர்களைத் தாம்பரத்திலிருந்து வேனில் இலவசமாக ஏற்றிப்போய், கூடுவாஞ்சேரிக்கு மேற்கே உள்ள ஜெயவேலு அவென்யூவைக் காட்டி, டிபன் கொடுத்துத் திருப்பி அனுப்புவது வழக்கம். நானும் பியூலாவும் கூடப் போவோம். இங்குள்ள முப்பதடிச் சாலைகள் எல்லாம் பஞ்சாயத்துக்குத் தானமாக எழுதிக் கொடுக்கப்பட்டுவிட்டன, யாரும் போகலாம் வரலாம், நாளைக்கு ஒருவரும் வேலி போட்டு அடைக்க முடியாது என்று வருகிறவர்களிடம் சொல்வது என் வேலை. அப்படிச் சொல்லச் சொன்னவர் எதிர்மனுதாரர்.

1995-ஆம் வருடம் பொங்கல் கழிந்த பிறகு எதிர்மனுதாரர் நான்கு சக்கர பைக் ஒன்றை வாங்கி வந்தார். டயர்கள் பெரியவை. மேடு, பள்ளம், மணல் எதிலும் போகும் என்றார். நம்பர் பிளேட் இல்லை. ஓட்டுகிறவரைத் தவிர யாரும் ஏறக்கூடாது, கவிழ்ந்தால் உயிருக்கு ஆபத்து என்று மட்கார்டில் இங்கிலீஷில் எச்சரிக்கை ஒட்டியிருந்தது. நான் அதைப் படித்து எதிர்மனுதாரரிடம் சொன்னேன். "பி.ஏ. படிச்சாலும் படிச்சே, ஒட்டிக்கீற காயிதத்தக்கூட வுடமாட்டன்றியே" என்று சிரித்தார். அதன் பிறகு அந்த எச்சரிக்கையின்மேல் கம்பெனி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டார்கள்.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, மனை பார்க்க வந்த ஆண்கள் வண்டியில் ஏறிச் சுற்றினார்கள். பெண்கள் யாரும் ஏறவில்லை. அதன் பிறகு எதிர்மனுதாரர் பியூலாவைக் கூப்பிட்டு, "பொம்பள ஒருத்தி குந்திகினு போனாத்தான் மத்தவங்க ஏறுவாங்க. ஒரு ரவுண்டு போய்ட்டு வாம்மா. நீ இன்னா ஸ்கூட்டர்ல போனதேயில்லயா?" என்றார். பியூலா புடவை கட்டியிருந்ததால், ஸ்கூட்டரில் உட்காருவதைப் போலவே கால்களை ஒருபக்கமாகப் போட்டுப் பின்னால் உட்கார்ந்தார். ஓட்டியவர் எதிர்மனுதாரரின் மகன் ஏகநாதன். "கெட்டியா புட்ச்சுக்கோக்கா, ஏரோப்ளேன் கெளம்புது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். பியூலாவும் சிரித்தார்.

அதன் பிறகு வண்டி முப்பதடிச் சாலையில் வேகமாகப் போய், முனையில் திரும்பும்போது மனையின் எல்லைக்கல்மீது பின்சக்கரம் ஏறிக் கவிழ்ந்தது. ஏகநாதன் புல்லில் விழுந்தார். வண்டி பியூலாவின் இடுப்பின்மேல் விழுந்தது. நாங்கள் ஓடிப்போனபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அதை எப்படி நிறுத்துவது என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் எதிர்மனுதாரர், பியூலாவின் தாயார் மெட்டில்டா டீச்சரிடம், "போலீசுக்குப் போனா உங்களுக்குத்தான் பேஜாரு டீச்சர். உங்க பொண்ணு எம் பொண்ணு மாதிரி. அது எழுந்து நடக்கறவரிக்கும் நான் கீறேன்" என்று சொன்னார். அதை நம்பி அவர்கள் புகார் கொடுக்கவில்லை. நானும் நம்பினேன். முதல் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. பியூலா இப்போது கட்டை ஊன்றித்தான் நடக்கிறார். அதன் பிறகு பியூலா வீட்டிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனதற்கு, பியூலா தன்னிடம் வேலையே பார்க்கவில்லை என்றும், மனை பார்க்க வந்த இடத்தில் விளையாட்டாக வண்டியை எடுத்துத் தானே ஓட்டிக் கவிழ்த்துக்கொண்டார் என்றும் எதிர்மனுதாரர் பதில் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்து, "உன்ன பொய்யா சொல்லச் சொல்றேன்? நான் பாக்கலன்னு சொல்டு, போதும்" என்றார். மறுநாளிலிருந்து நான் வேலைக்குப் போகவில்லை.

குறுக்கு விசாரணை:

ஜெயவேலு அவென்யூ தனியாருக்குச் சொந்தமான அடைப்பு இடம், சாலை அல்ல என்று சொன்னால் சரியல்ல. சாலை என்று சொல்லித்தான் விற்றோம். அந்த வண்டி ஒரு விளையாட்டுச் சாமான் என்று சொன்னால் சரியல்ல. பெட்ரோல் போட்டுத்தான் ஓட்டினார்கள். சிநேகிதிக்காகப் பொய் சாட்சி சொல்கிறேன் என்று சொன்னால் சரியல்ல. பியூலாவே வண்டியை ஓட்டினார் என்று சொன்னால் சரியல்ல.

என் தந்தை எதிர்மனுதாரரிடம் மேற்பார்வை வேலை பார்க்கிறார் என்பது சரிதான். சம்பவத்தின்போது அவர் அங்கே இருந்தார் என்பதும் சரிதான். பியூலா ஓட்டியதைக் கண்ணால் பார்த்ததாக என் தந்தை எதிர்மனுதாரர் தரப்பில் சாட்சி சொல்ல இருக்கிறார் என்பது எனக்குத் தெரியாது. இப்போது வக்கீல் சொல்லித்தான் தெரியும். இன்று காலையில் என்னைப் பஸ் ஏற்றிவிட்டவர் என் தந்தைதான். "சத்தமா பேசும்மா, நீ பேசறது பக்கத்துல கீறவங்களுக்கே கேக்காது" என்று சொல்லி அனுப்பினார்.

என் தந்தை பொய் சொல்லக்கூடியவரா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல நான் விரும்பவில்லை.

நீதிமன்றம் பதில் சொல்லும்படி கூறியதன்பேரில் சொல்வது: வண்டியைத் தூக்கி நிறுத்தியவர்களில் என் தந்தையும் ஒருவர். தூக்கியவுடன் அவர் ஏகநாதனைக் கன்னத்தில் அறைந்து, "இன்னாடா ஏகா, பின்னால பொண்ண குந்தவச்சிகினு இப்டியாடா ஓட்டுவே, பாவி" என்று கேட்டார். முதல் விசாரணையில் இதை நான் சொல்லாததற்குக் காரணம் அவர் என் தந்தை என்பதுதான். அவரைப் பற்றிக் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

மறு விசாரணை: இல்லை.

மேலே உள்ளவை நான் சொல்லச் சொல்ல எழுதப்பட்டு, எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன. கடைசிப் பகுதியை மட்டும் இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். அதில் எதையும் நீக்க வேண்டியதில்லை. முழுவதும் உண்மை.

(ஒப்பம்) சு. சரோஜினி