இருபத்துநாலு மணி நேரப் பெட்டி

டாக்டர்: உக்காருங்க. நின்னுக்கிட்டே கேக்குற ரிப்போர்ட் இல்ல இது. உங்க மனைவி பாருங்க, வந்ததும் உக்காந்துட்டாங்க.

கிரேன் டிரைவர்: அவளுக்கு எப்பவுமே அலுப்பு டாக்டர். நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நான் மத்தியானமே கிரேன்ல ஏறிடுவேன்.

டாக்டர்: கிரேனா? நீங்க இப்ப மாடிப்படியே ஏறக்கூடாது.

மனைவி: ஐயோ... அதுல எல்லாம் நல்லாத்தானே வந்திருக்கணும்?

டாக்டர்: படபடன்னு அடிக்குதுன்னு இவர் சொன்னாரு. அதான் ஒரு நாள் முழுக்கத் துடிப்பைப் பதிவு பண்ற பெட்டியை நெஞ்சுல மாட்டி அனுப்பினேன். படபடப்பையே காணோம். ஆனா நடுநடுவுல இதயம் நின்னு நின்னு அடிக்குது. ஒரு தடவை அஞ்சு செகண்டு.

கிரேன் டிரைவர்: அஞ்சு...

டாக்டர்: நேத்து பதினொண்ணு பத்துக்கு என்ன பண்ணிட்டிருந்தீங்க?

கிரேன் டிரைவர்: சும்மாதான்... டிவி...

மனைவி: ஈரத்துணி வாளியைத் தூக்கிட்டு மாடிக்கு... இவருதான்.

டாக்டர்: பரவாயில்லையே! எங்க வீட்டுக்காரருக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க. சரி, மூணேகாலுக்கு?

மனைவி: பாத்திரம் தேய்க்கறப்போ... அப்படியே கண்ணு இருட்டி, சுவத்தைப் புடிச்சுக்கிட்டு உக்காந்து...

கிரேன் டிரைவர்: ஏய், எங்கிட்ட சொல்லவே இல்லையே நீ!

டாக்டர்: உங்க கண்ணு இருட்டினதை அவங்க எதுக்குங்க உங்களுக்குச் சொல்லணும்?

மனைவி: இவருக்கு... மறதி டாக்டர்.

டாக்டர்: எத்தனை நாளா இப்படி?

மனைவி: ஆறு மாசமா. வேலை செஞ்ச களைப்புன்னு... நெனச்சுக்கிட்டாரு.

டாக்டர்: துடிப்பு தாறுமாறா இருந்தாலே வந்து காட்டணும். அதோட மயக்கம், நெஞ்சுவலி, மூச்சு முட்டுறதுன்னு ஏதாவது சேந்துச்சுன்னா ஒரு நிமிஷம் தாமதிக்கக் கூடாது. ஆறு மாசம் சும்மா இருந்திருக்கீங்க!

கிரேன் டிரைவர்: ஆறு மாசம்...

டாக்டர்: இப்பவே அட்மிட் ஆகணும். பேஸ்மேக்கர் வைக்க வேண்டியிருக்கும். இனிமே கிரேன் பக்கம் தலைவச்சுப் படுக்காதீங்க.

மனைவி: நாளைக்கு வரோம் டாக்டர். ஏங்க, எந்திரிங்க.

கிரேன் டிரைவர்: நீ உக்காரு.

மனைவி: லைசென்ஸ் போயிடும்ங்க... வாயைத் திறக்காதீங்க.

டாக்டர்: என்னம்மா ரகசியம்?

கிரேன் டிரைவர்: கையை விடு. டாக்டர், என் துடிப்பு தெரிஞ்சா வேலை போயிடும்னு, இங்கேருந்து போனதுமே அந்தப் பெட்டியைக் கழட்டி இவ நெஞ்சுல ஒட்டிட்டேன்... கட்டிலை இவளுக்குப் போடச் சொல்லுங்க.